மாடவீதியில் ஓர் உணவு நடை

ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது புலர்ந்த சற்று நேரத்தில், திருமயிலைக் கபாலீசுவரர் திருக்கோயிலின் கீழைக் கோபுரத்தருகே பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழுக்கள் கூடுவதை அண்மைக் காலமாகக் காண முடிகிறது. பெரும்பாலோர் இளைஞர்கள், நகரின் தென்கோடி அடுக்ககங்களிலிருந்து வருபவர்கள். வெளிமாநிலத்தவரும் வெளிநாட்டவரும் உடன் இருப்பதுண்டு. வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, இரண்டு மூன்று மணி நேரம் மாடவீதிகளையும் அவற்றை ஒட்டிய சந்துகளையும் நடந்தே சுற்றுகின்றனர். ஓரிடத்தில் காபி, ஓரிடத்தில் பொங்கல், இன்னோரிடத்தில் ரோஸ் மில்க் என்று சுவைத்து, இடையிடையே ஊரின் பழங்கதைகளையும் கேட்டுக் கலைகின்றனர். இதற்கு 'உணவு நடை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நாள்தோறும் கோயிலுக்கு வரும் மூத்தோர் சிலருக்கு இது உவப்பாக இல்லை. சாமி கும்பிடக் கூடிய வாசலில் சாப்பிடுவதற்காகக் கூடுகிறார்களே என்று அவர்கள் வருந்துகின்றனர். அந்த வருத்தத்தில் கோயிலின்மீதுள்ள அன்பு தெரிகிறது. நியாயம் முழுவதும் இருக்கிறது என்று சொல்வதற்கில்லை. கூட்டமாக நடப்பதும், கண்டு களிப்பதும், கூடி உண்பதும் மயிலைக்குப் புதியன அல்ல. இத்தலத்தின் மாபெரும் அற்புதமே அவற்றை எடுத்துச் சொல்லித்தான் நிகழ்ந்தது.

சிவநேசச் செட்டியாரின் மகள் பூம்பாவை அரவம் தீண்டி மாண்டாள். அவள் திருஞானசம்பந்தருக்கே உரியவள் என்று எண்ணியிருந்த தந்தை, எரிந்த உடலின் சாம்பலையும் எலும்பையும் ஒரு குடத்திலிட்டுக் காத்துவந்தார். ஆளுடைய பிள்ளையார் மயிலைக்கு எழுந்தருளியபோது அந்தக் குடம் அவர்முன் வைக்கப்பட்டது. மாண்ட பெண்ணை மீட்க அவர் பாடிய பதிகத்தில் பேசப்படுபவை பெரும்பாலும் ஊர்த் திருவிழாக்களே. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என ஆண்டு முழுவதும் அங்கே நடந்து செல்கிறது. இவற்றையெல்லாம் காணாமலே போய்விடுவாயோ என்று பாட்டுக்குப் பாட்டு அந்தக் குடத்தை நோக்கிக் கேட்கிறார். முதற் பாட்டிலேயே வருவது அடியார்களுக்கு அமுது படைக்கும் விழா. அடுத்த பாட்டில், ஓணத்தன்று அருந்தவர்கள் உண்பது. தைப்பூசத்தைச் சொல்லும்போது நெய் பூசிய சோறும் வந்துவிடுகிறது. இறுதியில் குடம் உடைந்து பூம்பாவை எழுந்தாள்.

இங்கே நின்று கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உண்ணாமல் போய்விடுவாயோ என்று சம்பந்தர் கேட்கவில்லை. காணாமல் போய்விடுவாயோ என்றே கேட்டார். பிறருக்கு உணவளிக்கப்படுவதைக் காண்பதே ஒருத்தி உயிரோடு திரும்பி வருவதற்குப் போதுமான காரணம் என்று அவர் கருதினார். இன்றைய உணவு நடையில் குறையென்று ஒன்று இருக்குமானால் அது இந்த இடத்தில்தான் இருக்கிறது. நாவுக்கு எட்டியதெல்லாம் கண்ணுக்கு எட்டுகிறதா என்பதே கேள்வி.

தெற்கு மாடவீதியை எடுத்துக்கொள்வோம். காய்கறிக் கடைகள் வரிசையாக இருக்கும் வீதி. மாகாளிக்கிழங்கும், மாவடுவும், பிடிகருணையும், வாழைப்பூவும் அவற்றின் பருவத்தில் இங்கே வந்து குவியும். எந்த மாதம் நடக்கிறது என்பதைப் பஞ்சாங்கம் பார்க்காமலே கூடைகளைப் பார்த்துச் சொல்லிவிடலாம். குழுவினர் ஆவலோடு படம் எடுக்கும் இடம் இது. அதே வீதியில் வெள்ளீசுவரர் கோயில் கொண்டிருக்கிறார். மயிலையின் ஏழு சிவாலயங்களுள் ஒன்று. காய் வாங்க வருபவர்களிலேயே பலர் உள்ளே நுழையாமல் போய்விடுகிறார்கள் என்றால், நடை வந்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

வெள்ளி என்பது சுக்கிரனைக் குறிக்கும். மூவடி மண் கேட்டு வாமனர் வந்து நின்றபோது, மாவலி தாரை வார்க்க முற்பட்டான். வந்திருப்பவர் யார் என்பதை அறிந்த அவன் குரு சுக்கிராசாரியார், வண்டாக உருமாறிக் கமண்டலத்தின் நீர் வரும் துளையை அடைத்துக்கொண்டார். வாமனர் தருப்பையால் அந்தத் துளையைக் குத்த, சுக்கிரனின் ஒரு கண் போயிற்று. இழந்த பார்வையை வேண்டி அவர் வழிபட்ட தலம் இது என்பது தல வரலாறு. கொடுப்பதை இடைமறித்தவர் கண்ணிழந்ததும், மீண்டும் பெற்றதும் உணவுப்பொருள் நிறைந்த ஒரு வீதியில் நினைக்கப்படுவது எவ்வளவு பொருத்தம்! வழிகாட்டிகள் இந்தக் கதையை இங்கே நின்று சொல்வதற்கு ஐந்து நிமிடம் போதும். பேரம் பேசும் குரல்களுக்கு நடுவே அது இன்னும் நன்றாகக் கேட்கும்.

அருண்டேல் தெருவுக்குச் சென்றால் வேறொரு செய்தி காத்திருக்கிறது. அங்குள்ள ராயர் மெஸ் உணவு நடைக்காரர்களுக்கு மட்டுமன்றிச் சென்னை முழுவதற்கும் அறிமுகமானது. சிறிய இடம், உள்ளே உண்பவர்கள் எழும்வரை வெளியே காத்திருக்க வேண்டும். பொங்கலுக்கும் கெட்டிச் சட்னிக்கும் காத்திருப்பவர்களுள் எத்தனை பேர், அதே தெருவில்தான் பேயாழ்வாரின் அவதாரத் தலம் இருக்கிறது என்பதை அறிவார்கள்? ஐப்பசிச் சதயத்தில், ஒரு கிணற்றில் செவ்வல்லி மலரில் அவர் தோன்றினார் என்பர். அருகிலேயே மாதவப் பெருமாள் திருக்கோயில்.

பேயாழ்வாரை நினைத்தால் திருக்கோவலூர் இடைகழி நினைவுக்கு வராமல் இராது. மழையிரவில் ஒருவர் படுக்கவும், இருவர் அமரவும், மூவர் நிற்கவும் மட்டுமே இடமிருந்த அந்தக் குறுகிய இடத்தில் முதலாழ்வார் மூவரும் நெருங்கி நின்றனர். பின்னர் நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்தனர். வந்தவன் பெருமாள். சிற்றுண்டிக்காகத் தோளோடு தோள் உரசிக் காத்து நிற்பவர்கள் நெருக்கடியை எண்ணி முகம் சுளிக்குமுன், அந்தத் தெருவில் பிறந்தவருக்கு நெருக்கத்தில்தான் தரிசனம் கிடைத்தது என்பதை எண்ணிப் பார்க்கலாம். வேடிக்கையாகத் தோன்றினாலும், வரிசையில் பொறுமை காக்க இதைவிட நல்ல உபாயம் வேறில்லை.

கடையில் வாங்கும் உணவுக்கு மதிப்பெண் இடுவதில் தவறில்லை. காசு கொடுத்தவர் காபியில் டிகாக்ஷன் குறைவு என்று சொல்ல உரிமை உள்ளவர். அந்தப் பழக்கம் கோயில் வாசலைக் கடந்து உள்ளே வரும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது. பிரசாதக் கடையில் வாங்கிய புளியோதரையையும், அர்ச்சனை முடித்து இலையில் கிடைத்த சர்க்கரைப் பொங்கலையும் ஒப்பிட்டு, இதற்கு இத்தனை, அதற்கு இத்தனை என்று பேசுவது அறியாமையால் வருவது, ஆணவத்தால் அன்று. சொல்லிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். சொல்லிக் கொடுப்பவர்தாம் குறைவு.

மடைப்பள்ளியில் சமைப்பவர் சுவை பார்ப்பதில்லை. முகர்ந்து பார்ப்பதும் விலக்கு. உப்பும் காரமும் கை அளவிலும் கண் அளவிலும் போடப்படுகின்றன. முதலில் உண்பவன் இறைவன். அவன் உண்டபின் எஞ்சியதே நமக்கு வருகிறது. நாவைக் கொண்டு அதை அளப்பது எப்படிப் பொருந்தும்? கும்பகோணத்துக்கு அருகே திருநாகேசுவரத்தையொட்டிய ஒப்பிலியப்பன் திருக்கோயிலில் இன்றும் உப்பில்லாமலே பெருமாளுக்கு அமுது படைக்கிறார்கள். உப்பிட்டுச் சமைக்கத் தெரியாத இளம்பெண் என்று மார்க்கண்டேய முனிவர் மகளைக் கொடுக்கத் தயங்கியபோது, உப்பில்லாமலே ஏற்றுக்கொள்வேன் என்று பெருமாள் வாக்களித்தார் என்பது வரலாறு. அங்கே பிரசாதம் பெறுபவர் எவரும் உப்பில்லை என்று குறை சொல்வதில்லை. சுவையாகவே இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள்.

இதைவிடக் கடினமான கேள்வி நண்பகலில் எழுகிறது. 2002-ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய திட்டத்தின்கீழ், அறநிலையத் துறையின் திருக்கோயில்கள் பலவற்றில் நண்பகல் அன்னதானம் நடைபெறுகிறது. மயிலையிலும் உண்டு. காலையில் ஐந்து கடைகளில் சுவைத்துவிட்டு வந்த குழு, நடையின் நிறைவாக அந்தப் பந்தியிலும் அமர்ந்து 'அனுபவம்' பெறலாமா?

வேண்டாம் என்பதே நேர்மையான விடை. அன்னதானப் பந்தி எவரையும் யாரென்று கேட்பதில்லை. செல்வரும் வறியவரும் ஒரே வரிசையில் அமர்வதே அதன் அழகு. ஆகவே உள்ளே வர அவர்களுக்கு உரிமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இருக்கைகளுக்குக் கணக்கு உண்டு. காலையிலிருந்து வெறும் வயிற்றோடு காத்திருக்கும் முதியவர் ஒருவரின் இடத்தில், வயிறு நிறைந்தவர் ஒருவர் ஒரு கவளம் சுவை பார்க்க அமர்வது முறையாகாது. உண்பவர்கள் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டுவது அதைவிடப் பெரிய பிழை. பசியோடு உண்பவரின் முகம் எவருடைய காட்சிப்பொருளும் அன்று. குழு தன் கட்டணத்தில் ஒரு பகுதியை அன்னதானத்துக்குச் செலுத்திவிட்டு, அனுமதி பெற்றுத் தண்ணீர் ஊற்றவோ, பரிமாறவோ நிற்கலாம். சம்பந்தர் காட்டிய காட்சி அப்போது அவர்களுக்கும் கிட்டும். ஒரு படமும் எடுக்காமலே கிட்டும்.

உடனமர்ந்து உண்பதையே முறையாகக் கொண்ட இடங்களும் மயிலையில் இல்லாமல் இல்லை. ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கிறார்கள். கேழ்வரகுக் கூழும் வெங்காயமும் வருவோர் போவோர் எல்லோருக்கும் உரியவை. வேண்டாம் என்று கடந்து செல்வதுதான் அங்கே மரியாதைக் குறைவு. முண்டகக்கண்ணி அம்மன் கோயிலில் பெண்கள் பொங்கல் வைத்து வழிபடுகிறார்கள். அம்மன் ஓலைக் கூரையின்கீழ் எழுந்தருளியிருக்க, அடுப்புப் புகையும் வெல்லத்தின் மணமும் அந்தச் சூழலை நிறைக்கும். பொங்கல் வைத்த குடும்பத்தார் அருகில் நிற்பவரை அழைத்துக் கையில் ஒரு பிடி வைப்பது இயல்பு. அந்த ஒரு பிடிக்கு விலைப்பட்டியல் கிடையாது. ஆடிக்கு வரும் உணவு நடைகள் காபிக் கடைகளைச் சற்றே குறைத்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினால் நன்று. வெயிலுக்கும் கூழே இதம்.

மயிலையில் பிறந்த நாயன்மார் ஒருவர் உண்டு, வாயிலார். அறுபத்து மூவரில் அதிகம் பேசப்படாதவர். கல்லில் கோயில் எழுப்பவில்லை; கழனியையோ பொன்னையோ கொடுத்ததாகவும் வரலாறு இல்லை. மறவாமை என்னும் மனக்கோயிலில் இறைவனை இருத்தி, உணர்வை விளக்காக ஏற்றி, ஆனந்தத்தால் நீராட்டி, அன்பையே அமுதாகப் படைத்தார் என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் காட்டுகிறார். அமுது இல்லாமல் பூசை நிறைவதில்லை. மனத்துக்குள்ளேயே பூசை செய்தவரும் அதை விட்டுவிடவில்லை என்பதைக் கருத வேண்டும்.

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், கபாலீசுவரரோடு வாயிலாரும் வீதிக்கு வருவார். அன்று காலையில் பூம்பாவையை எழுப்பிய வரலாறு நிகழ்த்திக் காட்டப்படும். பிற்பகலில் அறுபத்து மூவர் உலா. மாடவீதிகளிலும் அவற்றை நோக்கி வரும் தெருக்களிலும் நீர்மோரும் பானகமும் சுண்டலும் புளிச்சோறும் தயிர்ச்சோறும் வழங்கும் பந்தல்கள் நிறைந்திருக்கும். வணிகர் சங்கத்தார் போட்டதும் இருக்கும். ஒரு குடும்பம் தன் வீட்டுத் திண்ணையில் அண்டாவோடு நிற்பதும் இருக்கும். ஆண்டில் இந்த ஒரு நாள் மயிலை முழுவதும் ஓர் உணவு நடையாகிவிடுகிறது. எவரும் கட்டணம் கட்டுவதில்லை. மாலைக்குள் வீதியெங்கும் குவளைகளும் தட்டுகளும் இறைந்து கிடப்பது மட்டும் கண்ணை உறுத்தும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 சனவரி முதல் தமிழகத்தில் தடை இருக்கிறது. தொன்னையும் வாழையிலையும் அதற்கு முன்பும் இருந்தன, இப்போதும் கிடைக்கின்றன.

அந்த நாளுக்கு வரும் குழுவினர் ஆளுக்கொரு குவளையை வீட்டிலிருந்தே எடுத்து வரலாம். பந்தல்களில் மோர் ஊற்றும் கைகள் பிற்பகலுக்குள் ஓய்ந்து போகும். கரண்டியை வாங்கிக்கொண்டு அரைமணி நேரம் நிற்க ஆள் வந்தால் எந்தக் குடும்பமும் மறுப்பதில்லை. வெயில் தாழ்வதற்குள் இன்னும் இரண்டு அண்டா மோர் கரைக்க வேண்டியிருக்கும்.