பொறுமை என்றால் சும்மா இருப்பதா?

"பொறுமையாக இரு, எல்லாம் சரியாகிவிடும்." அரியர் வைத்தவர், வேலை தேடி அலைபவர், வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு தவிப்பவர் என எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் அறிவுரை இது. சொல்பவருக்குச் செலவில்லை. கேட்பவருக்குத்தான் எரிச்சல். எப்போது சரியாகும், எப்படிச் சரியாகும் என்று யாரும் சொல்வதில்லை.

கிறிஸ்தவம் பேசும் நம்பிக்கையையும் பலர் இந்த ரகத்தில்தான் சேர்க்கிறார்கள். "இங்கே கஷ்டப்படு, மேலே போனால் சுகம்" என்று சொல்லி ஏழையைத் தூங்க வைக்கும் மருந்து என்பது அவர்கள் வாதம். அதில் உண்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அது பாதி உண்மைதான். மீதியைத் தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். முத்தியால்பேட்டையிலிருந்து கொஞ்ச தூரத்தில், புதுச்சேரி மிஷன் வீதியில் நிற்கும் ஜென்மராக்கினி மாதா கோவிலின் கதையே போதும். ஊர்க்காரர்களுக்கு அது சம்பா கோவில்.

இன்று நாம் பார்க்கும் கட்டடம் அங்கே முதலில் எழுந்த கோவில் அல்ல. இயேசு சபையினர் 1692-ல் கட்டிய கோவில், மறு வருடமே டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தபோது அழிந்தது. பிறகு 1728 முதல் 1736 வரை பெரிதாக ஒன்று கட்டினார்கள். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றித் தரைமட்டம் ஆக்கியபோது அதுவும் போனது. 1770-ல் மறுபடியும் வேலை தொடங்கியது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1773-ல் இயேசு சபையையே திருத்தந்தை கலைத்துவிட்டார். பொறுப்பு பாரிஸ் மறைபரப்புச் சபையின் கைக்குப் போனது. கோவில் அர்ச்சிக்கப்பட்டது 1791-ல். இடிந்ததிலிருந்து முப்பது வருடம்!

யோசித்துப் பாருங்கள். 1770-ல் செங்கல் சுமந்தவர்களில் எத்தனை பேர் 1791 பூசையைப் பார்த்திருப்பார்கள்? இன்னொரு படை வந்து இடிக்காது என்று அவர்களுக்கு யார் உத்தரவாதம் கொடுத்தது? கைக்கு வராத லாபத்தைக் கணக்கில் எழுதக் கூடாது என்பது வணிகவியலில் முதல் வருடமே சொல்லித்தரும் பாடம். கிறிஸ்தவ நம்பிக்கை இந்த விதிக்கு நேர் எதிர். கண்ணுக்குத் தெரியாத நாளையை நம்பி இன்றைய கூலியைச் செலவழிக்கிறது. கத்தோலிக்கத் தமிழில் இதற்கு 'எதிர்நோக்கு' என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. திருச்சபை 2025 யூபிலி ஆண்டுக்கு எடுத்துக்கொண்ட கருப்பொருளும் இதுதான். எதிர்நோக்குகிறவர் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாது.

இத்தோடு முடித்தால் கதை இனிப்பாக இருக்கும். ஆனால் 1761-ல் இடிந்த அந்தக் கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், மறு பக்கம் தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள். 1745-ல் ஒதுக்கப்பட்டவர்கள் பாதிரியாரிடம் போய் முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். இதையெல்லாம் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். முறையிட்டவர்கள் "மோட்சத்தில் சுவர் இருக்காது, அதுவரை பொறுப்போம்" என்று இருந்துவிடவில்லை. அங்கே சுவர் இல்லையென்றால் இங்கே ஏன் என்று கேட்பதற்கு அந்த நம்பிக்கையே போதுமான காரணம்.

அதே 1745-ல் தெற்கே வடக்கன்குளத்தில் நீலகண்டப் பிள்ளை என்ற திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சோர்ந்திருந்த அவருக்கு டச்சுத் தளபதி டிலனாய் சொன்னது யோபுவின் கதை. டிலனாயே 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டவர் என்பதால், அது புத்தகப் படிப்பாக மட்டும் இருந்திருக்காது. தேவசகாயம் சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகினார். சிறை, சித்திரவதை எல்லாம் தாங்கி, 1752-ல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ல் புனிதர் பட்டம் பெற்றார்.

பொறுமைக்கு உதாரணம் யோபு என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்தப் புத்தகத்தைத் திறந்தால் பக்கம் பக்கமாக அவர் கடவுளிடமே நியாயம் கேட்டு வாதாடுகிறார். "நீ ஏதோ தப்பு செய்திருப்பாய்" என்று ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களைத்தான் கடைசியில் கடவுள் கண்டிக்கிறார். ஆகவே பொறுமை வேறு, வாய் மூடி இருப்பது வேறு. நம்பிக்கை இல்லாதவர் எதற்காக வாதாடப் போகிறார்?

இன்றைக்கும் இது பழங்கதை இல்லை. 1950 குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடைக்கவில்லை. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். இவர்களுக்காக 2004-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கு இருபது வருடங்களைத் தாண்டி இழுத்தது. அவர்கள் காத்திருக்கிறார்கள், மனு போட்டுக்கொண்டே காத்திருக்கிறார்கள். வெளியே அரசிடமும், உள்ளே திருச்சபையிடமும் கேட்டுக்கொண்டே காத்திருக்கிறார்கள். இதற்குத்தான் உண்மையான பலம் வேண்டும்.

பொறுமை கஷ்டப்படுகிறவர் தானே எடுத்துக்கொள்ள வேண்டிய ஆயுதம். சுவர் கட்டியவர் அதை அடுத்தவருக்குப் போதிக்கும்போதுதான் அது தூக்க மருந்தாகிறது. அடுத்த முறை யாரிடமாவது "பொறுமையாக இரு" என்று சொல்ல வாய் வந்தால், கூடவே அவருக்காக ஒரு செங்கல்லாவது சுமக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் போதும். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் அதைச் சரியாகத்தான் செய்தார்கள். கெட்டுப்போனது அவர்கள் அறிவுரை சொல்ல ஆரம்பித்த பிறகுதான்.