குடத்தில் ஓர் ஓலை

தேர்தல் என்பது தமிழில் மிகப் பழைய சொல். ஆராய்தல் என்பது அதன் பொருள்; ஆராய்ந்து ஒன்றைக் கொள்ளுதல் என்பதும் அதன் பொருள். ஆராயாமல் ஒருவரை நம்புவதும், நம்பியபின் அவரை ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்று ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தை முடிக்கிறார் வள்ளுவர். ஆராய்தலுக்கு ஆராயப்படுபவரும் வேண்டும், ஆராய்பவரும் வேண்டும். ஆராய வேண்டியவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நடத்தப்படும் சடங்குக்கும் தேர்தல் என்று பெயரிடலாமா? இவ்வினாவை நான் விளையாட்டுக்காக எழுப்பவில்லை. நம் நாட்டில், நம்மவர் ஒருவரைக் கொண்டே, இப்படி ஒரு தேர்தல் நடந்தது.

2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் நாள் சிங்கப்பூர் அதிபர் பதவிக்கான வேட்புமனுத் தாக்கல் நாள். தகுதிச் சான்றிதழ் வேண்டி நால்வர் விண்ணப்பித்திருந்தனர். மூவருக்கு அது மறுக்கப்பட்டது. ஒருவருக்கே அது கிடைத்தது. அவர், பதவியில் இருந்த அதிபர் எஸ். ஆர். நாதன். வேட்புமனுவுக்குரிய நேரம் முடிந்ததும் தேர்தலும் முடிந்துவிட்டது. வாக்குப்பெட்டி வெளியே வரவில்லை, வாக்குச்சீட்டு மடிக்கப்படவில்லை. மேலும் ஆறாண்டுகளுக்கு அவரே அதிபர் என அறிவிக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாளும் இவ்வாறே நிகழ்ந்தது. ஆக, பன்னிரண்டாண்டுக் காலம் இஸ்தானாவில் அமர்ந்திருந்த அப்பெருமகனுக்கு ஒரு குடிமகன்கூட வாக்களித்ததில்லை. வாக்களிக்க மறுத்ததும் இல்லை.

தேக்காவில் அன்று மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். நம்மவர் மீண்டும் அதிபரானார் என்ற பெருமிதத்தில், எப்படி ஆனார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. சிராங்கூன் சாலையில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்? வெற்றி என்ற சொல் நம் காதுக்கு அத்துணை இனிமையாக இருந்தது. போட்டி இல்லாத இடத்தில் வெற்றி ஏது என்னும் எளிய ஐயம் எழப் பல்லாண்டுகள் ஆயின. இக்கட்டுரை அந்தத் தாமதத்துக்கு நான் செலுத்தும் தண்டம் எனக் கொள்க.

செல்லப்பன் ராமநாதன் எளிய மனிதர் அல்லர் என்று யார் சொல்லக்கூடும்? 1924இல் பிறந்து, மூவாரில் இளமையைக் கழித்து, பதினாறு வயதில் வீட்டைவிட்டு வெளியேறி, சொந்த முயற்சியால் படித்து உயர்ந்தவர் அவர். மருத்துவ சமூகப் பணியாளராகவும், கடலோடிகளின் நல அதிகாரியாகவும், தொழிலாளர் ஆய்வுப் பிரிவிலும் உழைத்தவர். 1974இல் ‘லாஜு’ படகு கடத்தப்பட்டபோது, பிணையாளிகளை விடுவிப்பதற்காகக் கடத்தல்காரர்களுடன் தாமே குவைத்துக்குப் பறந்தவர். மலேசியாவிலும் அமெரிக்காவிலும் நாட்டின் தூதராக விளங்கியவர். இத்தகையவருக்கு மக்களின் தீர்ப்பை எதிர்கொள்ளும் துணிவு இல்லாமற் போயிருக்குமா? துப்பாக்கி ஏந்தியவரோடு விமானம் ஏறியவர் வாக்குச்சீட்டைக் கண்டா அஞ்சுவார்?

அவர் 2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் மறைந்தார். நாடாளுமன்ற வளாகத்தில் அவர் உடல் வைக்கப்பட்டபோது மக்கள் வரிசையில் நின்று இறுதி மரியாதை செலுத்தினர். சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் அவ்வரிசையில் இருந்தனர். அரசு இறுதிச் சடங்கில், அவருக்குப் பிடித்த ‘பொற்காலம்’ திரைப்படப் பாடல் ஒலித்தபோது தமிழறியாதவரும் கண்கலங்கினர். அந்த வரிசையை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு வருத்தம் எழுகிறது. அவருடைய உடலைக் காண வரிசையில் நின்ற மக்களுக்கு, அவருடைய பெயருக்கு எதிரே ஒரு குறி இட வரிசையில் நிற்கும் வாய்ப்பு ஒருமுறைகூடக் கிட்டவில்லையே! அந்த அன்பு வாக்காக எண்ணப்பட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும்? அதை இனி யாராலும் சொல்ல முடியாது. போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்படுவதால் முதலில் இழப்பவர் தேர்ந்தெடுக்கப்படுபவரே.

இது வெறும் அலங்காரப் பதவி. இதற்கு வாக்கு எதற்கு என்பார் உளர். அவர்கள் அரசியலமைப்பைப் புரட்டிப் பார்க்க வேண்டும். 1991இல் திருத்தம் கொண்டுவந்து அதிபரை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதித்தது ஏன்? முன்னோர் சேர்த்த நிதியிருப்பை அரசாங்கம் தன் விருப்பம்போல் எடுத்துவிடாதபடி இரண்டாம் சாவியை அதிபர் கையில் கொடுப்பதற்காக. நாடாளுமன்றப் பெரும்பான்மை பெற்ற அமைச்சரவையை நோக்கி ‘முடியாது’ என்று சொல்ல வேண்டியவருக்கு மக்களிடமிருந்து நேராகப் பெற்ற அதிகாரம் வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்தச் சாவி முதன்முறையாகத் திரும்பியது 2009இல். உலகப் பொருளியல் நெருக்கடியின்போது 490 கோடி வெள்ளியை எடுப்பதற்கு அதிபர் நாதன் ஒப்புதல் அளித்தார். அந்த ஒப்புதல் சரியானதே. எடுத்த பணமும் பின்னர் இருப்பில் திரும்பச் சேர்க்கப்பட்டது. ஆனால், மக்கள் வாக்கின் பலத்தால் திருப்ப வேண்டிய சாவியை, ஒரு வாக்கும் பெறாத கை திருப்பியது. திருப்பியவர் நல்லவர் என்பது நம் நல்லூழ். நல்லூழை நம்பியா அரசியலமைப்பை எழுதுகிறோம்?

இன்னொரு முரண்பாட்டையும் காண்க. நம் நாட்டில் வாக்களிப்பது கட்டாயம். வாக்களிக்கத் தவறினால் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும். தக்க காரணம் காட்டாதவர் பெயரை மீண்டும் சேர்க்க ஐம்பது வெள்ளி கட்ட வேண்டும். குடிமகன் தன் கடமையில் ஒருநாள் தவறினால் தண்டம் உண்டு. குடிமகனிடம் கேட்க வேண்டிய கேள்வியை ஆறாண்டுக்கு ஒருமுறை அரசு கேளாமல் விட்டால் தண்டம் யாருக்கு? 1993 முதல் 2023 வரை ஆறு அதிபர் தேர்தல்கள் வந்தன. அவற்றுள் மூன்றில் மட்டுமே மக்கள் வாக்களித்தனர். 1999, 2005, 2017 ஆகிய மூன்றிலும் நாம் தொலைக்காட்சி பார்த்தோம், அவ்வளவே.

2017இல் என்ன நிகழ்ந்தது? மலாய்ச் சமூகத்துக்கென ஒதுக்கப்பட்ட தேர்தலில் திருமதி ஹலிமா யாக்கோப் ஒருவரே தகுதிபெற்றார். நாட்டின் முதல் பெண் அதிபர் என்னும் வரலாற்றுப் பெருமை அவருக்கு உரியது. ஆயினும் சில நாள்களில் ஹொங் லிம் பூங்காவில் கூடிய மக்கள் தங்களுக்கு வாக்களிக்கும் வாய்ப்பு பறிக்கப்பட்டதாக வருந்தினர். அவ்வருத்தம் அவரைப் பற்றியதன்று. ஆனால் சுமந்தவர் அவரே. இதற்கு மாறாக, 2011இல் டாக்டர் டோனி டான் 35.2 விழுக்காடு வாக்குகளே பெற்று, 7,382 வாக்கு வேறுபாட்டில் அதிபரானார். மெலிந்த வெற்றிதான். எனினும் அது எண்ணப்பட்ட வெற்றி. மெலிந்த வெற்றி, கேள்விக்கு இடந்தராத வெற்றி. எண்ணப்படாத வெற்றியோ ஆறாண்டும் கேள்வியோடு வாழும்.

தகுதி விதிகளே கூடாது என்று நான் வாதிடவில்லை. தகுதி பார்ப்பது நம் மரபு. உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையோடு மேடையில் முழங்காத தமிழர் உண்டா? முதலாம் பராந்தக சோழன் காலத்து அக்கல்வெட்டு, குடவோலைக்கு உரியவர் கால் வேலி நிலமும் சொந்த மனையும் உடையவராய், 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது. கணக்குக் காட்டாதவரை விலக்குகிறது. கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவரையும் விலக்குகிறது. பதவியில் இருந்தவரே மீண்டும் மீண்டும் அமர்வதன் ஆபத்தை அவ்வூரார் அறிந்திருந்தனர். அது வாக்கெடுப்பு அன்று, சீட்டெடுப்பே என்பதையும், பெண்டிருக்கும் எளியோர்க்கும் அதில் இடமில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அத்துணைக் கடுமையான தகுதிகளுக்குப் பிறகும் குடத்தில் பல ஓலைகள் இருந்தன. அதனால்தான் குடத்தைக் குலுக்கினார்கள். ஒற்றை ஓலையை இட்டுக் குடத்தைக் குலுக்கினால் சிறுவனும் சிரிப்பான்.

நம் நாட்டிலோ தனியார் துறையிலிருந்து வருபவர் 1990களில் பத்துக் கோடி வெள்ளி மூலதனமுள்ள நிறுவனத்தை நடத்தியிருக்க வேண்டும் என்றிருந்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது ஐம்பது கோடி வெள்ளிப் பங்குதாரர் முதலாக உயர்ந்தது. வாயில் குறுகக் குறுக, உள்ளே வருபவர் ஒருவராகவே இருக்கும் வாய்ப்பு மிகும். வாயிலைக் குறுக்க வேண்டுமென்றால் குறுக்கட்டும். வருபவர் ஒருவரேயானால் என் செய்வது என்ற விடையையும் சட்டம் சொல்ல வேண்டுமல்லவா?

விடை கடினமானதன்று. வேட்பாளர் ஒருவரேயானாலும் வாக்கெடுப்பு நடத்துக. வாக்குச்சீட்டில் அவர் பெயரை அச்சிட்டு, ‘ஏற்கிறேன்’, ‘ஏற்கவில்லை’ என இரு கட்டங்கள் இடுக. ஏற்பவர் மிகுந்தால் அவர் அதிபர். ஏற்காதவர் மிகுந்தால் புதிதாக வேட்புமனு பெறுக. பதவியிலிருப்பவர் மறுமுறை வரும்போது இம்முறை இன்றியமையாதது. ஏனெனில் அவருடைய ஆறாண்டுப் பணியைச் சீர்தூக்கும் உரிமை மக்களுக்கு மட்டுமே உண்டு. அது சான்றிதழ் வழங்கும் குழுவுக்கு உரியதன்று. இது என் கற்பனையும் அன்று. அமெரிக்காவின் மிசூரி மாநிலம் 1940இல் இத்தகைய ஏற்பாட்டை நீதிபதிகளுக்கு வகுத்தது. பதவியில் தொடர விரும்பும் நீதிபதி எதிர்வேட்பாளர் இன்றித் தனியே நிற்பார். தொடரலாமா, கூடாதா என மக்கள் சொல்வர். 1986இல் கலிபோர்னியாவின் தலைமை நீதிபதி ரோஸ் பேர்டு அவ்வாறே மக்களால் நீக்கப்பட்டார். அவரை நீக்கியது முறையா என்று இன்றும் வாதிடலாம். மக்களைக் கேட்டார்களா என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை.

நம்மைப் போலவே நிர்வாக அதிகாரம் குறைந்த அதிபரை மக்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கும் நாடு அயர்லாந்து. 2004இல் அங்கும் பதவியிலிருந்த மேரி மெக்கலீஸ் போட்டியின்றி மறுமுறை அமர்ந்தார். 2018இல் மைக்கேல் ஹிக்கின்ஸ் மறுமுறை நின்றபோதோ ஐவர் எதிர்த்தனர். அவர் ஏறத்தாழ 56 விழுக்காடு பெற்று வென்றார். எதிர்ப்பால் அவர் சிறுத்துவிட்டாரா? மக்கள் மீண்டும் ஏற்றுக்கொண்டவர் என்ற பெயரோடு அல்லவா திரும்பினார்!

செலவு மிகுமே என்பர் சிலர். நூற்றுக்கணக்கான கோடியைக் காக்கும் காவலரைத் தேர்ந்தெடுக்க ஒரு நாள் செலவை எண்ணிக் கலங்குவது, பெட்டகத்தை வாங்கிவிட்டுப் பூட்டுக்குக் காசு பார்ப்பது போன்றது. சர்வாதிகாரிகளும் ஒற்றைப் பெயரை வைத்துத்தானே வாக்கெடுப்பு நடத்துகிறார்கள் என்பர் வேறு சிலர். உண்மை. அங்கே மறைவுரிமை இல்லை. எண்ணுபவர் மேல் நம்பிக்கை இல்லை. இங்கே இரண்டும் உண்டு என்று நாம் பெருமைப்படுகிறோமே. அப்பெருமையைப் பயன்படுத்த ஏன் தயங்குகிறோம்?

நம்மவரிடையே மெல்லிய குரலில் ஒலிக்கும் மறுப்பு ஒன்று உண்டு. ‘நாம் சிறுபான்மையினர், வாக்கெடுப்பு என்று வந்தால் நம்மவர் வெல்வாரா?’ இந்த அச்சம்தான் 2005இல் நம்மை மகிழ வைத்தது என்று நான் ஐயுறுகிறேன். இதற்கு வரலாறே விடை. 1981இல் ஆன்சன் தொகுதியில், தமிழர் பெரும்பான்மையாக இல்லாத வாக்காளர்கள் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஜே. பி. ஜெயரத்னத்தைத் தேர்ந்தெடுத்தனர். 2023இல் தர்மன் சண்முகரத்னம் இரு சீன வேட்பாளர்களை எதிர்த்து நின்று 70.4 விழுக்காடு வாக்குகள் பெற்றார். போட்டியையே தாம் விரும்புவதாக அவர் முன்னரே சொல்லியிருந்தார். அந்த ஓர் இரவு, தமிழனை இந்நாடு ஏற்குமா என்ற கேள்விக்கு அளித்த விடையை, நூறு போட்டியற்ற வெற்றிகளும் அளித்திருக்க இயலாது. சலுகையாகக் கிடைத்த நாற்காலியைவிட வாக்கால் கிடைத்த நாற்காலி உறுதியானது என்பதை இனியேனும் உணர்வோம்.

அதிபர் தர்மனின் பதவிக்காலம் 2029 செப்டம்பரில் முடிகிறது. அவர் மீண்டும் நிற்பாரா என்பது அவருடைய முடிவு. நின்றால், நாதனுக்குப் பின் மறுதேர்தலை நாடும் அதிபர் அவராகவே இருப்பார். அவரைத் தவிர எவரும் தகுதிபெறாமல் போனால், 2023இல் பெற்ற ஒளி 2029இல் ஒரு காலைப்பொழுதில் மங்கிவிடும். நாம் மறுபடியும் கைதட்டிவிட்டு வீடு திரும்புவோம். சட்டத்தைத் திருத்த இன்னும் காலம் இருக்கிறது. திருத்தக் கோரும் குரல் எங்கிருந்து எழ வேண்டும்? பிறர் கேட்டால், தமிழரை எதிர்த்துக் கேட்கிறார்கள் எனச் சிலர் திரிக்கக்கூடும். ஆகவே நாமே கேட்போம். நம்மவர் நிற்கும்போதே, நம்மவர் வெல்வார் என்று அறிந்திருக்கும்போதே, ‘எங்களைக் கேட்டுவிட்டு அமர்த்துங்கள்’ என்று சொல்வோம். நாதனுக்கு நாம் தராமல் போன வாக்கை இனி அவருக்குத் தர முடியாது. அவருக்குப் பின் வருபவர் எவருக்கும் அக்குறை நேராமல் காக்க நம்மால் முடியும்.