பாட்டை மாற்றினால் நிலையம் பிழைக்குமா?

ஆசிரியருக்கு,

சமுதாய வானொலிகளின் பணநெருக்கடி பற்றிய கட்டுரையைப் படித்தேன். எங்கள் வட்டாரத்து நிலையத்துக்கும் அதே கதிதான். நாட்டுப்புறப் பாட்டை நிறுத்திவிட்டு முழுநேரமும் சினிமாப் பாட்டு போடலாமா என்று யோசிக்கிறார்கள். வேண்டவே வேண்டாம்.

100 வாட் ஒலிபரப்பு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எட்டினால் அதிகம். புதுப்பாட்டுக்குத் தனியார் பண்பலையும் கைப்பேசியும் இருக்கும்போது இதை யார் தேடி வைப்பார்கள்? சினிமாப் பாட்டுக்கு உரிமத்தொகை வேறு கட்ட வேண்டும்.

இப்போது அங்கே நடவுப் பாட்டு பாடும் அம்மா ஒருவர், நடுவில் நிறுத்தி, "இது எங்க மாமியா சொல்லிக் கொடுத்தது" என்கிறார். பின்னால் சேவல் கூவுவதும் சேர்ந்தே கேட்கிறது. டீக்கடையில் பேச்சு அடங்கிவிடுகிறது. பாடியவர் எந்தத் தெரு என்று உடனே விசாரிக்கிறார்கள். எந்தப் பெரிய நிலையத்தாலும் இதைத் தர முடியாது.

2010-இல் பிபிசி தன் '6 மியூசிக்' அலைவரிசையை மூடத் திட்டமிட்டது. நேயர்கள் திரண்டு எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. வேறெங்கும் கிடைக்காத இசை என்பதே அவர்களின் வாதம்.

வருமானம் வேண்டும்தான். மணிக்கு 7 நிமிடமாக இருந்த விளம்பர நேரத்தை மத்திய அரசு 2024-இல் 12 நிமிடமாக உயர்த்தியிருக்கிறது. நிலையத்தார் உள்ளூர் ஜவுளிக்கடை, உரக்கடைப் படிகளை ஏறி இறங்கட்டும். மாலையில் ஒரு மணி நேரம் பழைய சினிமாப் பாட்டு வைத்தாலும் மறுப்பில்லை. வியாபாரிகளே, உங்கள் ஊர் வானொலிக்கு ஒரு விளம்பரமாவது கொடுங்கள்.

- வாசகி, நாகை மாவட்டம்