கூடாரம் ஊன்றும் நிலமும் அமானிதமே



திறந்த வெளியில் ஓர் இரவு தலைசாய்ப்பதற்காகச் சிறு கூடாரம் ஒன்றை ஊன்றிக்கொள்ள மனிதனுக்கு உரிமை உண்டா? எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்வி பிரிட்டனின் உச்சநீதிமன்றம் வரை சென்று, 2025ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் விடை கண்டது. எங்கோ ஒரு குளிர்நாட்டு வழக்கு நமக்கெதற்கு என்று எண்ணிவிடாதீர்கள். பாதுகாக்கப்பட்ட நிலத்தை யாருக்குத் திறப்பது, யாரிடமிருந்து காப்பது என்னும் கேள்வியை நம் கலீபாக்களும் சந்தித்திருக்கிறார்கள்.

தென்மேற்கு இங்கிலாந்தில் டெவன் பகுதியிலே டார்ட்மூர் என்னும் மேட்டுநிலம் இருக்கிறது. புல்லும் புதரும் சதுப்பும் பாறைக் குன்றுகளும் நிறைந்த அந்த நிலம் 1951இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பூங்கா என்றதும் அரசுக்குச் சொந்தம் என்று கருதவேண்டாம். அதன் பெரும்பகுதி தனியார் பண்ணைகளும் எஸ்டேட்டுகளுமே. ஆயினும், அங்குள்ள பொதுமேய்ச்சல் வெளிகளில் மக்கள் நடந்தும் குதிரையிலும் சென்று திறந்தவெளிப் பொழுதுபோக்கில் ஈடுபடும் உரிமையை 1985ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. முதுகுப் பையில் கூடாரத்தைச் சுமந்து சென்று இரவில் தங்குவதும் அதில் அடங்கும் என்றே மக்கள் நம்பிவந்தனர்.

அங்கே பெரும் எஸ்டேட் வைத்திருந்த ஒரு தம்பதியர், தங்கள் நிலத்துக்கும் கால்நடைகளுக்கும் தீங்கு நேர்கிறது என்று வழக்குத் தொடுத்தனர். 2023 ஜனவரியில் உயர்நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. உச்சநீதிமன்றம் ஒருமனதாக மக்களின் உரிமையை உறுதி செய்தது. கூடாரத்தில் தங்குவதும் திறந்தவெளிப் பொழுதுபோக்கே. அதனால் விளையும் தீங்கைத் தடுக்கப் பூங்கா நிர்வாகத்துக்கு விதிகள் இயற்றும் அதிகாரம் உண்டு என்பது தீர்ப்பின் சாரம்.

உரிமை நிலைத்தது. ஆனால் உரிமை மட்டும் நிலத்தைக் காத்துவிடுமா?

ஸ்காட்லாந்து கற்ற பாடம்

ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டம், பொறுப்புணர்வோடு நடந்துகொள்வோர் ஏறத்தாழ எந்தத் திறந்த நிலத்திலும் நடக்கவும் தங்கவும் உரிமை அளித்தது. 'பொறுப்புணர்வோடு' என்னும் சொல்லைக் கவனியுங்கள். கிளாஸ்கோ மாநகருக்கு அருகிலுள்ள லோமண்ட் ஏரிக்கரைக்குத் திரண்ட கூட்டத்தில் பலர் உரிமையை எடுத்துக்கொண்டு பொறுப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தனர். பச்சை மரங்கள் விறகுக்காக வெட்டப்பட்டன. கரையெங்கும் தீ எரிந்த கரும்புள்ளிகள் தோன்றின. கிழிந்த கூடாரங்களும் குப்பியும் கழிவும் குவிந்தன. குழந்தைகளோடு வந்த குடும்பங்கள் ஒதுங்கிக்கொண்டன.

நிர்வாகம் என்ன செய்தது? முற்றாகத் தடை விதித்துவிட்டு எளிதில் கைகழுவியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. 2017 மார்ச் முதல், பூங்காவின் பரப்பில் சுமார் 4 விழுக்காடு அளவான ஏரிக்கரைப் பகுதிகளில் மட்டும் மார்ச் தொடங்கி செப்டம்பர் முடிய அனுமதிச் சீட்டு முறையைக் கொண்டுவந்தது. கூடவே, குறைந்த கட்டணத்தில் தங்குவதற்கு இடங்களையும் ஒதுக்கியது. எஞ்சிய பெரும்பரப்பில் பழைய உரிமை அப்படியே இருந்தது. இதற்கும் எதிர்ப்பு எழாமல் இல்லை. நடைப்பயண அமைப்புகள் பல, உரிமை சுருங்குகிறது என்று வாதிட்டன. அந்த அச்சத்தையும் அற்பமென ஒதுக்க இயலாது. எனவேதான் கட்டுப்பாடு எங்கே தேவையோ அங்கே மட்டும், எப்போது தேவையோ அப்போது மட்டும் இருத்தல் வேண்டும்.

நிலம் சொல்லும் கணக்கு

இந்த நிர்வாகத்தின் அடிப்படையில் நம் எண்ணத்துக்கு மாறான ஓர் உண்மை இருக்கிறது. கூட்டத்தை எல்லா இடத்திலும் பரப்பிவிட்டால் சேதம் குறையும் என்றே நாம் நினைப்போம். ஆனால், யாரும் தங்காத புல்தரையில் முதல் சில இரவுகளிலேயே பெரும்பகுதிச் சேதம் நிகழ்ந்துவிடுகிறது. அதன்பின் அங்கு எத்தனை பேர் தங்கினாலும் சேதம் மெல்லத்தான் கூடுகிறது. ஆகவே மக்கள் மிகுதியாக வரும் இடத்தில், ஏற்கெனவே தேய்ந்து இறுகிய சில இடங்களுக்குள் அவர்களைச் சேர்த்துத் தங்கவைப்பதே நிலத்துக்கு நன்மை.

கால்மிதியால் மண் இறுகினால் மழைநீர் இறங்காது, மரத்தின் வேருக்குக் காற்றும் எட்டாது. ஒரே இடத்தில் பல நாள் கூடாரம் நின்றால் அடியிலுள்ள புல் வெளிறிச் சாகும். அதனால்தான் டார்ட்மூரில் ஒரே இடத்தில் தொடர்ந்து இரண்டு இரவுகளுக்கு மேல் தங்க விதி இடமளிப்பதில்லை. சதுப்பு நிலத்தின் மேல்மண் மக்கிய தாவரங்களால் ஆனது. தீப்பற்றினால் மேலே அணைந்தது போலத் தோன்றி அடியில் கனன்றுகொண்டே இருக்கும். காய்ந்து விழுந்த மரக்கட்டையும் பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் வீடு; நமக்கு அது வெறும் விறகாகத் தெரிகிறது. கழிவைப் பொறுத்தவரை, நீர்நிலையிலிருந்து குறைந்தது 30 மீட்டராவது விலகிக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும் என்று ஸ்காட்லாந்தில் அறிவுறுத்துகிறார்கள்.

நம் மரபில் இவை புதியனவா?

இப்போது நம் நூல்களைப் புரட்டுவோம். நீர்த்துறையிலும், நடைபாதையிலும், மக்கள் இளைப்பாறும் நிழலிலும் மலஜலம் கழிப்பது சாபத்துக்குரிய செயல் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். இரவில் பயணத்தை நிறுத்தித் தங்கும்போது பாதையைவிட்டு விலகுமாறும், அது விலங்குகளின் வழியும் விஷஜந்துக்களின் இரவுப் புகலிடமும் ஆகும் என்றும் அறிவுறுத்தியதை முஸ்லிம் நூலில் காண்கிறோம். உறங்கும் முன் நெருப்பை அணைத்துவிடச் சொன்னார்கள். தோழர்கள் பயணத்தில் இறங்கியதும் பள்ளத்தாக்குகளில் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறித் தங்கியபோது அதைக் கண்டித்தார்கள். அதன்பின் ஒரே துணியால் போர்த்திவிடலாம் என்னும் அளவுக்கு அவர்கள் நெருங்கித் தங்கினார்கள் என்று அபூதாவூதில் இருக்கிறது. அதேவேளை, பிறர் தங்குமிடத்தை நெருக்கி, வழியை அடைத்தோரின் அறப்போர் ஏற்கப்படாது என்று அறிவிக்கவும் செய்தார்கள். நெருங்கி இரு, நெருக்காதே! முகாம் நிர்வாகத்தின் முழுப்பாடமும் இவ்விரு கட்டளைகளுக்குள் அடங்கிவிடுகிறது.

அடுத்து ஹிமா. பொதுநலனுக்காகக் காப்பிடப்பட்ட மேய்ச்சல் நிலத்துக்கு அரபியர் வழங்கிய பெயர் அது. அறியாமைக் காலத்தில் வலிமைமிக்க தலைவர்கள் நல்ல புல்வெளிகளைத் தமக்கென வளைத்துக்கொள்வார்கள். அல்லாஹ்வுக்கும் அவனுடைய தூதருக்கும் அன்றி வேறெவருக்கும் ஹிமா இல்லை என்று கூறி நபிகளார் அந்த வழக்கத்தின் வேரை அறுத்தார்கள். மதீனாவுக்கு அருகிலிருந்த நகீஃ பள்ளத்தாக்கு முஸ்லிம்களின் குதிரைகளுக்காகக் காக்கப்பட்டது.

பின்னர் கலீபா உமர் (ரலி) அவர்கள் ஹிமா ஒன்றின் காவலராக ஹுனை என்பவரை நியமித்தபோது இட்ட கட்டளை புகாரியில் பதிவாகியிருக்கிறது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உள்ள ஏழைகளை உள்ளே விடுமாறும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் இப்னு அஃப்பான் (ரலி) போன்ற செல்வர்களின் மந்தைகளுக்கு இடம் கொடாமல் எச்சரிக்கையாக இருக்குமாறும் கூறினார்கள். செல்வர்களின் மந்தை அழிந்தாலும் அவர்களுக்குத் தோட்டமும் விளைநிலமும் உண்டு. ஏழையின் மந்தை அழிந்தால் அவன் பிள்ளைகளோடு வந்து நிற்பான் என்று காரணமும் சொன்னார்கள்.

அந்த இருவரும் சாதாரண மனிதர்களா? சொர்க்கத்து நன்மாராயம் பெற்ற பதின்மரில் இருவர்! அவர்களுக்கும் முன்னுரிமை இல்லை. காப்பு நிலத்தைக் காவல் செய்வது எவ்வளவு கடமையோ, அதன் வாயிலில் ஏழை திருப்பி அனுப்பப்படாமல் காப்பதும் அவ்வளவு கடமை. அனுமதிக் கட்டணம் ஏழைக் குடும்பம் எட்டமுடியாத அளவுக்கு ஏறுமானால், அந்த நிலம் பழைய தலைவர்களின் வேலியடைத்த புல்வெளியாகவே மீண்டும் மாறிவிடும். வக்ஃபு நிலங்களைப் பராமரிக்கும் முத்தவல்லிகளும் உமர் (ரலி) அவர்களின் இந்தக் கட்டளையை எழுதி வைத்துக்கொள்வது நலம்.

மினா நினைவூட்டுவது

முகாம் நிர்வாகம் உயிர்ப்பிரச்சினை என்பதை மினா நமக்கு உணர்த்தியது. வேட்டையாடுவதும் மரம் வெட்டுவதும் விலக்கப்பட்ட ஹரம் எல்லைக்குள் இருக்கும் பள்ளத்தாக்கு அது. 1997 ஏப்ரல் 15 அன்று அங்கே பரவிய தீயில் சுமார் 70,000 கூடாரங்கள் எரிந்தன. 343 ஹாஜிகள் உயிரிழந்தனர். அதன்பின்னரே எளிதில் தீப்பற்றாத கண்ணாடி இழைக் கூடாரங்கள் நிலையாக அமைக்கப்பட்டன. நெருப்பை அணைக்கச் சொன்ன நபிமொழியின் கனம் அன்று பலருக்கும் புரிந்திருக்கும்.

வாசகர்களே! கோடை விடுமுறையில் குடும்பத்தோடு மலைக்கும் கடற்கரைக்கும் செல்கிறீர்கள். அங்கெல்லாம் வேலியும் விதிப்பலகையும் கண்டால் முகம் சுளிக்காதீர்கள். நுழைவுக் கட்டணத்தைச் செலுத்திவிட்டதால் நிலத்தை விலைக்கு வாங்கிவிட்டோம் என்றும் எண்ணாதீர்கள். நீங்கள் சமைத்த இடத்தின் சாம்பலையும், உண்ட இடத்தின் குப்பையையும் உங்கள் பிள்ளைகளின் கையாலேயே அகற்றச் செய்யுங்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மதரஸாவில் மனனம் செய்யும் பிள்ளை, அதைக் கையால் செய்து பழக அதுவே தக்க இடம்.

நேற்றிரவு இங்கே ஒருவர் தங்கினார் என்பதே தெரியாதபடி இடத்தைவிட்டுப் புறப்படுபவரே நல்ல விருந்தாளி. இந்தப் பூமியிலும் நாம் அத்தகைய விருந்தாளிகளே. நமக்குப் பின் வருவோருக்கு நிழலையும் நீரையும் பழுதின்றி விட்டுச்செல்லும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.