காரிக்கு ஒரு கல்

முள்ளுக்குறிச்சியில் கொல்லிமலை பஸ்ஸுக்காக நின்றேன். டீக்கடைத் தூணில் போன ஆடியின் ஓரி விழாச் சுவரொட்டி பாதி கிழிந்து தொங்கியது. வில் மிச்சம், முகம் இல்லை. இந்தக் கொல்லிமலையை ஆண்ட ஓரியின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். என்னை உறுத்துபவன் அவனைக் கொன்ற மலையமான் திருமுடிக்காரி. இருவருமே கடையெழு வள்ளல்கள். இருவரும் பேசியது தமிழ். காரியின் படையைத் துணைக்குக் கேட்டு மூவேந்தரும் பொருள் அனுப்பினார்கள் என்கிறார் கபிலர். வேந்தர்களின் பகையில் குறுநிலத்து வீரனின் ரத்தத்துக்கு எப்போதும் கிராக்கிதான், போங்கள்! ஓரியை வீழ்த்திக் காரி பிடித்த இந்த மலை கடைசியில் சேரனுக்குப் போயிற்று. ஒரே மண்ணின் ஆட்கள் இப்படி எதிரெதிரே நின்றது வேறெங்கும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரண்டுபட்டுக் கிடந்த எல்லை மாநிலம் மிசௌரி. 1863இல் விக்ஸ்பர்க் முற்றுகையில் அந்த ஒரே மாநிலத்துப் படைப்பிரிவுகள் 42 இருந்தன: 27 வடக்குக்கு, 15 தெற்குக்கு. கோட்டைக்கு உள்ளேயும் மிசௌரிக்காரன், வெளியேயும் மிசௌரிக்காரன். பிற்பாடு அங்கே இரு தரப்புக்கும் சேர்த்து ஒரே நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். உயரம் சரியாக 42 அடி. பிரிவுக்கு ஓர் அடி, எந்தப் பக்கம் நின்றவன் என்று பார்க்காமல். இங்கே கொல்லிமலைமேல் செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. பக்கத்தில் காரிக்கும் ஒரு கல் நட்டால் என்ன என்று டீ ஆற்றிக்கொண்டிருந்தவரிடம் கேட்டுவைத்தேன். குவளையை இறக்காமலே சொன்னார்: “அவன் நம்மாளக் கொன்னவனாச்சே சார்.” அதற்குள் பஸ் வந்துவிட்டது.