இராமபாணத்தின் மேல் குற்றமில்லை

நூலரிக்கும் இராமபாணப் பூச்சியை நம்மவர் கள்வன் என்று வைவர், யான் உடன்படேன். பூச்சிகளுக்குச் சிறகு முளைக்குமுன் தோன்றிய பழங்கிளை அது. பாறையிடுக்கில் பாசி தின்று, வயிற்றை வளைத்து நிலத்திலறைந்து துள்ளும் தூரிகைவாற் பூச்சி அதன் உறவு. தாடை மூட்டு ஒன்றா இரண்டா என நோக்கியே அறிஞர் அவ்விரண்டையும் பின்னாளிற் பிரித்தனர். இராமபாணத்திற்குத் துள்ளத் தெரியாது, ஓடவே தெரியும். 1665-இல் இராபர்ட் ஹூக் உருப்பெருக்கியிற் கண்டு அதனை வரைந்தார். கட்டடப் பசையின் மாவும் தாளின் நாரும் அதற்கு உணவு. இருளும் ஈரமும் தீண்டாமையும் கிட்டினால் தங்கும்.

கல்மண்டபத்தில் கடற்காற்று ஈரத்தைக் கேளாமலே தரும். ஏனைய இரண்டையும் தந்தவர் யாவர்? பாட்டனாரின் நன்னூலுரையை அண்மையில் திறந்தேன். எழுத்ததிகாரம் சுரண்டுண்டு கிடந்தது. அதே அலமாரியில், பாட்டியார் நாள்தோறும் புரட்டும் வேதாகமம் அதனினும் பழையது, ஒரு வடுவுமில்லை. பாட்டனார் மறைந்தபின் ஆறாண்டு அந்நன்னூலைத் தொடாதிருந்தவன், தமிழ் ஆனர்ஸ் பயிலும் யானே.