பிங் நல்லாத்தான் இருக்கு, போன்தான் சரியில்லை

மச்சான் கோயம்புத்தூர்ல சின்னதா ஒரு டிராவல்ஸ் வச்சிருக்கார். ஆறு ஐபி போன். பிபிஎக்ஸ் பெட்டி ஆபீஸ்ல கிடையாது, வெளியில ஒரு கம்பெனியோட சிப் சர்வர்ல மாச வாடகைக்கு ஓடுது. ஒருநாள் கூப்பிட்டு, "மாப்ளே, ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணை நிறுத்திடலாம்னு இருக்கேன். கஸ்டமர் பேசிட்டு இருக்கறப்பவே குறுக்க பேசறாளாம், மூணு பேர் கம்ப்ளெயின்ட்" அப்படின்னார்.

எனக்கு சுருக்குன்னுச்சு. அந்தப் பொண்ணு நேர்ல வாயே திறக்காது. போன்ல மட்டும் குறுக்க பேசுதுன்னா சந்தேகப்பட வேண்டியது பொண்ணையா, போனையா? குரல் ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் போய்ச்சேர 150 மில்லிசெகண்டுக்குள்ள இருக்கணும்னு ஐடியு-வோட ஜி.114 பரிந்துரை சொல்லுது. அதுக்கு மேல ரொம்பப் போச்சுன்னா, எதிராளி முடிச்சுட்டார்னு நினைச்சு நாம ஆரம்பிப்போம், அவரோட அடுத்த வார்த்தை அப்பதான் வந்து இறங்கும். ரெண்டு பேருக்கும் மத்தவர் மரியாதை தெரியாதவர்!

சர்வர் கம்பெனியைக் கேட்டா "உங்க நெட் சரியில்லை சார்". நெட் கம்பெனியைக் கேட்டா "பிங் பண்ணிப் பாருங்க சார், 40 மில்லிசெகண்ட்தான்". நானும் பண்ணினேன். 40தான். அங்கேயே விட்டிருந்தா அந்தப் பொண்ணு வேலை போயிருக்கும்.

என் கட்சி இதுதான் மக்களே: பிங் நல்லா இருக்குன்னா சர்வர் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை. பிங்குக்கு பதில் சொல்றது அந்த மெஷினோட கெர்னல். போன் பேச்சைக் கவனிக்கற ப்ரோகிராம் உள்ள மூச்சு முட்டிக் கிடந்தாலும் கெர்னல் பாட்டுக்கு "உள்ளேன் ஐயா" சொல்லிட்டு இருக்கும். சிப்ல கேட்டு, சிப்பே பதில் சொல்ல எவ்ளோ நேரம் ஆகுதுன்னு அளக்கணும்.

வீட்ல சும்மா கிடந்த ராஸ்பெர்ரி பை ஒண்ணை எடுத்துட்டுப் போய் ஸ்மோக்பிங் போட்டேன். எம்ஆர்டிஜி, ஆர்ஆர்டிடூல் எழுதின டோபியாஸ் ஓட்டிக்கரோட சமாச்சாரம்தான் இதுவும். வழக்கமா எல்லாரும் எஃப்பிங் ப்ரோபோட நிறுத்திக்குவாங்க. கூடவே சிப்சாக்னு ஒரு ப்ரோப் இருக்கறது பலருக்குத் தெரியாது. சிப்சாக் ப்ரோகிராமைத் தனியா இன்ஸ்டால் பண்ணி, ப்ரோப்ஸ் பகுதியில அது இருக்கற பாதையைக் கொடுத்து, டார்கெட்ஸ்ல சர்வர் பேரும் யூசர் பேரும் எழுதணும். அவ்ளோதான். 5060 போர்ட்டுக்கு ஆப்ஷன்ஸ்னு ஒரு கேள்வி போகும், பதில் வர்ற நேரத்தைக் குறிச்சுக்கும். (சர்வர்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. யாரோ தாக்கறாங்கன்னு நினைச்சு உங்க ஐபியைத் தூக்கி ப்ளாக் பண்ணிடப் போறாங்க.)

நான் வச்சது மூணு டார்கெட். ஆபீஸ் ரூட்டருக்கு எஃப்பிங், சர்வருக்கு எஃப்பிங், அதே சர்வருக்கு சிப்சாக். மூணும் சேர்ந்து இருந்தாத்தான் குத்தம் யார் மேலன்னு பிரியும். ஒண்ணு மட்டும் வச்சா பழைய பஞ்சாயத்துதான்.

ஸ்மோக்பிங்கை நான் தூக்கிப் பிடிக்கறதுக்கு இன்னொரு காரணம், அது சராசரியை நம்பாது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 கேள்வி அனுப்புதுன்னு வைங்க. 19 பதில் 40-ல வந்து, ஒண்ணு மட்டும் 2000-ல வந்தா சராசரி 138. அந்த 138-ல ஒரு பதில்கூட வரலையே! இது நடுவுல இருக்கறதைக் கோடா போட்டு, மத்ததைச் சுத்திப் புகையாக் காட்டும். புகை அகலமா இருந்தா பதில் ஒரே சீரா வரலைன்னு பார்த்ததும் தெரிஞ்சுடும்.

நாலு நாள் ஓட விட்டேன். ரூட்டர் சுத்தம். சர்வர் பிங் 40, அசையலை. சிப்சாக் கோடு மட்டும் காலைல 11-ல இருந்து 1 மணி வரைக்கும், சாயங்காலம் 5 மணிக்கு அப்புறமும் 600-ஐத் தாண்டி ஏறுது, மேல ஒரே புகை மண்டலம். மச்சானுக்கு வந்த மூணு கம்ப்ளெயின்ட்டும் அந்த நேரத்துலதான்.

இங்கே ஒரு நேர்மையான விஷயமும் சொல்லணும். சிப் அழைப்பை ஏற்படுத்தறதோட சரி, குரல் போறது ஆர்டிபி வழியா. சில இடத்துல அது வேற சர்வருக்கே போகும், அப்போ சிப்சாக் கோட்டை வச்சு குரலைப் பத்தி எதுவும் சொல்ல முடியாது. டிசிபிடம்ப் போட்டுப் பார்த்தேன், இங்கே ரெண்டும் ஒரே ஐபிக்குத்தான் போச்சு. அதோட 150-ங்கறது ஒரு வழிக் கணக்கு, ஸ்மோக்பிங் காட்டறது போய்த் திரும்பற கணக்கு. ரெண்டையும் நேரா ஒப்பிட்டு நான் முதல்ல கொஞ்சம் சவுண்டு விட்டேன், ஹி ஹி.

படத்தை அனுப்பினதும் சர்வர் கம்பெனிக்காரர் குரலே மாறிடுச்சு. "ஓவர்லோடு சார்" அப்படின்னு ஒத்துக்கிட்டு, ரெண்டு நாள்ல வேற மெஷினுக்கு மாத்திக் கொடுத்தார். இப்போ சிப்சாக் கோடு பிங் கோட்டை ஒட்டியே படுத்துக் கிடக்கு. குறுக்க பேசற கம்ப்ளெயின்ட்டும் அப்புறம் வரலை.

அந்தப் பொண்ணு இன்னும் அதே சீட்லதான் இருக்கு. தன் வேலை போக இருந்ததே அதுக்குத் தெரியாது. மேஜைக்கு அடியில மினுக்கிட்டு இருக்கற பெட்டியைக் காட்டி "இது என்னங்கண்ணா?"ன்னு கேட்டுச்சு. மச்சான் முந்திக்கிட்டு, "கரண்டு மீட்டரும்மா"ன்னார்.